வீடு வாங்கும்போது கையெழுத்தாகும் காகிதங்கள்: எது யாரைக் காப்பாற்றுகிறது?

"பேங்கே லீகல் பார்த்து லோன் சாங்ஷன் பண்ணிட்டாங்க, அப்புறம் நாம எதுக்குத் தனியா வக்கீலுக்கு அழணும்?" முதல் வீடு வாங்குகிறவர்கள் பாதிப் பேராவது இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கியின் வக்கீல் எழுதும் லீகல் ஒப்பீனியன் வங்கிக்காக எழுதப்படுவது. சொத்தில் நாளைக்கு வில்லங்கம் வந்தாலும் வங்கி உங்கள் சம்பளத்தைப் பிடிக்கலாம், கூட்டு விண்ணப்பதாரரைப் பிடிக்கலாம், ஜாமீன்தாரரைப் பிடிக்கலாம். உங்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடு மட்டும்தான். வீடு கைநழுவிப் போனாலும் ஈஎம்ஐ நிற்காது. வங்கி ஒரு சொத்தை வேண்டாம் என்று ஒதுக்கினால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். சரி என்று சொன்னதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த விஷயத்தில் வரும் எந்தத் தாளைப் பார்த்தாலும், இது யாரைக் காப்பாற்றுகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உதாரணத்துக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட், விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம்வரை கொடுக்கலாம். 30 முதல் 75 லட்சம்வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். ஆக நமக்கு அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சம் கைக்காசு. இத்தோடு கணக்கு முடிவதில்லை. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக நாலரை லட்சம். பொதுவாக இந்தச் செலவு கடனுக்குள் வராது. அடமானம் பதியும் செலவு, வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியின் செயலாக்கக் கட்டணம், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தால் 15 லட்சத்தையும் தாண்டும். "10 லட்சம் இருக்கு, வீடு வாங்கிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் கடைசி வாரத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

(பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் கணக்கு வேறு: 50 லட்சம்வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடிவரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் அதே 2 சதவீதம். பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சென்னைப் பக்கம் 10 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பத்திரம் பதிந்தால் வீடு நம்முடையதா?

பதிவு ஆகிவிட்டது என்பதற்கும் உரிமை வந்துவிட்டது என்பதற்கும் இடைவெளி இருக்கிறது. விற்கிறவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் உங்களுக்கு வரும். சொத்துக்கு உண்மையில் யார் சொந்தக்காரர் என்று தீர்ப்பது சார்பதிவாளர் வேலை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. அரசு முத்திரை விழுந்த காகிதம் என்ற தைரியத்தில் மட்டும் இருக்க முடியாது.

அதனால்தான் தாய்ப்பத்திரம். இன்று விற்பவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய், ஏறத்தாழ 30 வருடச் சங்கிலியை வக்கீல் பார்ப்பார். கிரயம் செய்த இடங்களில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. சாவு நடந்த இடத்தில்தான் இருக்கும்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள் விற்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு. மனைவிக்கும் ஒரு பங்கு. இறந்தவரின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இந்தப் பாட்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்து இரண்டு வருடம் கழித்துப் பாட்டி காலமாகியிருந்தால், அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதாவது அத்தை, சித்தப்பா எல்லோரும் உள்ளே வருவார்கள். "தங்கச்சிக்குக் கல்யாணத்துக்கே நிறையச் செஞ்சாச்சு சார், அவ கேட்க மாட்டா" என்று விற்பவர் சொன்னால், அவர் நல்லவராகவே இருக்கட்டும்; தங்கையின் கையெழுத்து பத்திரத்தில் வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பவர் (சொந்தக்காரர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவரிடம் நேரில் அல்லது வீடியோவில் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது.

வில்லங்கச் சான்றைப் படிப்பது

ஈசி என்று எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பலர் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வதோடு சரி. படிக்கக் கஷ்டமில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும் இருக்கும், எழுதிய நாளும் பதிந்த நாளும் இருக்கும், ஆவணத்தின் தன்மை இருக்கும், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், சொத்து விவரம் என்று வரும்.

கற்பனையாக நான்கு பதிவுகள் வைத்துக்கொள்வோம். 1998: கிரயம், அ-விடமிருந்து ஆ-வுக்கு. 2009: உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு, ஆ-விடமிருந்து ஒரு வங்கிக்கு. 2016: தான செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் எழுதிக்கொடுப்பது), ஆ-விடமிருந்து மகன் இ-க்கு. 2021: பொது அதிகாரம், அதாவது பவர், இ-யிடமிருந்து ஈ-க்கு. ஈ இப்போது உங்களுக்கு விற்க வந்திருக்கிறார்.

முதலில் கண்ணில் பட வேண்டியது இல்லாத பதிவு. 2009-இல் வங்கிக்கு அடமானம் போயிருக்கிறது. அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் எங்கும் இல்லை. கடனை அடைத்துவிட்டு ரசீது போடாமல் விட்டிருக்கலாம், அடைக்காமலே இருக்கலாம். விற்பவர் வாய்மொழியாக "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்பது போதாது. வங்கி ரசீது எழுதிப் பதியட்டும், அதன்பின் பேசலாம். அடுத்தது, அடமானம் இருந்த காலத்திலேயே செட்டில்மெண்ட் நடந்திருக்கிறதா என்ற கேள்வி. மூன்றாவது, இ உயிரோடு இருக்கிறாரா, 2021 பவர் ரத்தாகாமல் இருக்கிறதா.

ஈசியில் வராதவையும் உண்டு. பதியாத உயில் வராது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. சொத்துவரி பாக்கி, ஃப்ளாட் பராமரிப்புப் பாக்கி வராது. அந்தக் கிராமம் நடுவில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய பதிவகத்திலும் தேட வேண்டும். வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் அடமானங்களைப் பதிந்துவைக்க 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் ஒன்று இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம். செய்கிறவர்கள் குறைவு. செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கலர் ஜெராக்ஸ் இல்லை, அசல். அசல் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் அது எங்கோ ஒரு பீரோவில் கைமாற்றுக் கடனுக்கு ஈடாக உட்கார்ந்திருக்கலாம். போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் எல்லாம் முடிந்த பிறகும்கூட வக்கீல் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஃப்ளாட் என்பதால் இன்னும் சில. பத்திரத்தில் உங்களுக்கு வருவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு; யூடிஎஸ் என்பார்கள். எல்லா ஃப்ளாட்டுகளின் யூடிஎஸ்-ஐயும் கூட்டினால் மொத்த மனையளவைத் தாண்டக் கூடாது. கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் மூன்று மாடி, நீங்கள் பார்க்கும் வீடு நான்காவது மாடி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். புதிய திட்டமாக இருந்து, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. காகிதம் பார்ப்பதற்கு முன்னால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "சட்டக் கருத்து பாதகமாக வந்தாலோ, சொத்தின் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி இருக்கட்டும். மற்றவர்கள் எழுதித் தரும் தாள்களுக்கு நடுவில் உங்களைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் வரி அது. ரெரா திட்டமாக இருந்தால், ஒப்பந்தத்தைப் பதியாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

அடமானம் எப்படி நடக்கிறது

நகையை அடகு வைத்தால் நகை வங்கியில் இருக்கும், நாம் வெறுங்கழுத்தோடு வருவோம். வீட்டில் தலைகீழ்: நாம் வீட்டுக்குள் இருப்போம், காகிதம் வங்கியில் இருக்கும். அசல் பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக ஒப்படைப்பதே ஒரு வகை அடமானம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. சட்டப் பிரிவிலேயே கல்கத்தா, பம்பாயோடு மதராஸ் பெயரும் இருக்கும். வணிகர்கள் அவசரப் பணத்துக்குப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய நகரங்கள். இன்று நம் ஊரில் எம்.ஓ.டி. என்று சொல்வது இந்த ஒப்படைப்பைக் குறித்து எழுதும் ஆவணத்தை. கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, உச்சவரம்புக்கு உட்பட்டு. நம் 40 லட்சத்துக்கு 20,000. இந்தப் பதிவு காப்பாற்றுவது வங்கியை. செலவு மட்டும் நம்முடையது.

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பிறகு சர்ஃபேசி சட்டம் 2002-இன்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. வேலை போனால் முதல் மாதமே வங்கியிடம் போய்ப் பேசுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்றாவது மாதம் போனால் பேசுகிற ஆள் மாறியிருப்பார்.

இப்போது ஈஎம்ஐ. 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாதம் ஏறத்தாழ 34,713 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்குப் போவது 28,333. அசலில் கழிவது 6,380 மட்டுமே. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 28 லட்சம் இருக்கும். மொத்த வட்டி 43 லட்சத்துக்கு மேல். அதையே 15 வருடமாக எடுத்தால் தவணை 39,390. வட்டி 31 லட்சத்துக்குள் அடங்கிவிடும். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கூடக் கட்டுவதில் 12 லட்சம் மிச்சம்.

மாறும் வட்டியில் ஒரு விஷயம் ஓசைப்படாமல் நடக்கும். வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். மேலே சொன்ன கடனில் முதலிலேயே வட்டி 9.5 ஆகி, தவணை அதே 34,713-இல் நின்றால், 240 மாதம் சுமார் 309 மாதமாகிவிடும். ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்! வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்தக் கேள்வி எஸ்எம்எஸ்-இலோ மின்னஞ்சலிலோ வந்து கிடக்கும், பாருங்கள். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. ஆகவே போனஸ் வரும் வருடங்களில், குறிப்பாக முதல் ஏழெட்டு வருடத்துக்குள், அசலில் போடுவது நல்ல பலன் தரும்.

கடன் ஒப்பந்தம் தடியான கட்டு. முழுதும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. ஆனால் 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றை வங்கி தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து உண்மையில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட விளம்பர வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள். அதே தாளில்தான் காப்பீட்டுக் கட்டணமும் ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும்.

இரண்டு காப்பீடுகள், ஒரு குழப்பம்

"இன்ஷூரன்ஸ் போட்டாச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கடனாளியின் உயிருக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, இரண்டும் வேறு.

வங்கி மேசையில் நீட்டப்படுவது பெரும்பாலும் முதலாவது. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும். பிரீமியத்தை மொத்தமாக ஒரே தடவையில் எடுத்து, கடனோடு சேர்த்துவிடுவார்கள். உதாரணமாகப் பிரீமியம் 1.2 லட்சம் என்றால், அதற்கும் 20 வருடம் 8.5 சதவீத வட்டி கட்டி, முடிவில் ஏறத்தாழ 2.5 லட்சம் கொடுத்திருப்பீர்கள். கடன் குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே வரும் வகைதான் அதிகம். இதை எடுத்தால்தான் லோன் என்று சிலர் சொல்வார்கள். அந்த வங்கி விற்கும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். எடுத்துவிட்டு மனம் மாறினால், ஆயுள் பாலிசியை ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

என் அபிப்பிராயத்தில், 40 வயதுக்குள் உடல்நலத்தோடு இருப்பவருக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசியே (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) மேல். வீட்டுக்கடனைப் போலத் தொகை குறையாது. கடன் வேறு வங்கிக்கு மாறினாலும் பாலிசி உங்களோடு வரும். பணம் குடும்பத்தின் கைக்குப் போகும், கடனை அடைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். திருமணமான ஆண், பாலிசி எடுக்கும்போதே திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-இன்கீழ் மனைவி, குழந்தைகள் பெயரில் எழுதிவிட்டால், கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. விண்ணப்பத்தில் ஒரு கூடுதல் படிவம், அவ்வளவுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் காரணமாக டேர்ம் பாலிசி கிடைக்காதவர்களுக்கு வங்கியின் குழுக் காப்பீடு உண்மையிலேயே உதவும்; அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கட்டடத்துக்கான காப்பீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதை இன்னும் வீண்செலவாக நினைப்பது ஆச்சரியம்தான். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. தீ, இடி, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும்.

தொகை குறிப்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். வீட்டை 50 லட்சத்துக்கு வாங்கினோம், 50 லட்சத்துக்குக் காப்பீடு என்று போட வேண்டாம். நிலம் எரியாது, அடித்துக்கொண்டும் போகாது. கார்ப்பெட் பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 800 சதுர அடி, திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால் 20 லட்சம் போதும். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம்வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும். நம் கணக்கில் 4 லட்சம். திருட்டு இதில் முழுதாக வராது: தீயோ வெள்ளமோ வந்து, அதைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டும்தான். பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி.

கடன் இருக்கும்வரை பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், இழப்பீட்டுப் பணம் முதலில் அங்கேதான் போகும். கடன் தொகைக்கு மட்டும் வங்கி போட்டுவைத்த பாலிசி என்றால் உங்கள் பொருள்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். பாலிசித் தாளை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃப்ளாட் என்றால் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் பாலிசி வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்; லிஃப்ட், மோட்டார், அஸ்திவாரமெல்லாம் உங்கள் தனிப் பாலிசியால் சரியாகிவிடாது.

பதிவு நாளும் அதற்குப் பின்னும்

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. நம் உதாரணத்தில் 50,000. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

விற்பவருக்கே வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால், அசல் பத்திரம் அவர் வங்கியில் இருக்கும். அவர் வங்கி தரும் பாக்கித் தொகைக் கடிதம், தன் வசமுள்ள ஆவணங்களின் பட்டியல் இரண்டையும் வாங்கி, உங்கள் வங்கியின் காசோலை நேராக அந்த வங்கிக்கே போகட்டும். "நான் அடைச்சிட்டு வந்து தர்றேன்" என்று அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பத்திரம் பதிந்த கையோடு சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் பெயர் மாற்றங்களை முடியுங்கள். தனி வீடோ மனையோ என்றால் பட்டாவும். வங்கிக்குக் கொடுத்த அசல் ஆவணங்களுக்கு, எண்ணும் பக்கமும் போட்ட பட்டியலில் வங்கி முத்திரையோடு கையெழுத்து வாங்கிவையுங்கள்.

20 வருடம் கழித்தோ முன்னதாகவோ கடன் முடியும். 2023 டிசம்பருக்குப் பிறகு, முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். பட்டியலை வைத்து ஒவ்வொரு பக்கமாக எண்ணி வாங்குங்கள். வங்கி அதிகாரியைச் சார்பதிவகத்துக்கு வரவழைத்து ரசீது ஆவணம் பதிந்து, செர்சாயிலும் அடமானத்தை நீக்கச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து ஒரு ஈசி போட்டுப் பாருங்கள். ரசீது அதில் ஏறியிருக்க வேண்டும்.